வியாழனும் ஞாயிறும் சுடாத துப்பாக்கி

செவ்வாய்க்கிழமை காலை ஸ்வேதா எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது நான் ஒரு பெரிய வழக்கை முடித்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் மொட்டை மாடியில் காயப்போட்ட பதினோரு தலையணை உறைகள் காணாமல் போன வழக்கு அது. இரண்டு நாள் ரூம்பாய்களைக் குறுக்கு விசாரணை செய்து, ஒருவனை அழவும் வைத்து, கடைசியில் திருடியது குரங்கு என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது அமலி மிஸ். ரூம்பாயை அழ வைத்தது மட்டும் நான்.

அமலி மிஸ்ஸுக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தவர். சுவரேறிக் குதித்த பிள்ளைகளையும், காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்த பிள்ளைகளையும் பிடித்துப் பிடித்தே அவருக்கு இந்தப் புத்தி வந்துவிட்டது. ரிட்டையர் ஆனதும் கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரு சாக்லேட் கடைக்கு மேல் அறை பிடித்து, 'அமலி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினார். நான் டெனிஸ். முன்பு ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மிஸ்ஸின் பழைய மாருதியை ஓட்டுகிறேன், டீ வாங்குகிறேன், தப்பான ஆளைச் சந்தேகப்படுகிறேன். கடைசி வேலையில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது.

ஸ்வேதாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. சொந்த ஊர் மேல்மலையில் பூண்டி. அப்பா இல்லை, அம்மாவும் அண்ணனும் பூண்டு விவசாயம் பார்க்கிறார்கள். இவள் நாயுடுபுரத்தில் இரண்டு தோழிகளோடு வாடகை அறையில் இருக்கிறாள். வந்து உட்கார்ந்தவள் போனை மேசையில் வைத்து, வாயால் சொல்ல வரவில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

படித்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் பத்து வருடம் குப்பை கொட்டியவன் நான். கெட்ட வார்த்தையில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று இறுமாந்திருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

விஷயம் இதுதான். 'கடைசித் தீவு' என்று போனில் ஒரு விளையாட்டு. நாலு பேர் ஒரு அணியாகத் தீவில் குதித்து, எதிர்ப்படுகிற மற்ற அணிகளைச் சுட்டுத்தள்ள வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைத்தான் அது முதலில் கோர்த்துவிடும். அதனால் நம் மலையில் விளையாடுகிற எழுபது எண்பது பேர் சேர்ந்து 'மலைக்கூட்டம்' என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சொந்தப் பெயரில் வருகிறவர்கள் குறைவு. ஸ்வேதாவின் பெயர் அங்கே 'மதிகெட்டான்'. பேரிஜம் பக்கத்து மதிகெட்டான் சோலைக்குள் புகுந்தவன் வழி தெரியாமல் சுற்றுவான் என்பார்களே, அந்தப் பெயர். அவள் பதுங்கியிருக்கிற பக்கம் வந்தவனும் திரும்பிப் போனதில்லையாம். மைக்கை மட்டும் ஆன் செய்யவே மாட்டாள். பெண் என்று தெரிந்த நிமிடமே நம் வீரர்கள் சுடுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு மலைக்கூட்டத்தில் செலக்‌ஷன் வைத்து நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வருகிற சனிக்கிழமை கோயம்புத்தூரில் பெரிய போட்டி. ஸ்வேதா முதல் ஆளாகத் தேறினாள். அணித் தலைவன் நல்ல மனசுக்காரன். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற காரியத்தைச் செய்தான். 'எங்கள் அணியில் ஒரு பெண்ணும் உண்டு, மதிகெட்டானுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்' என்று குழுவில் போட்டுவிட்டான். அன்று சாயந்தரமே 'கருநாகம்' என்ற பெயரில் ஒருவன் வாழ்த்த ஆரம்பித்தான். இரண்டு மாதமாக நிறுத்தவில்லை. கடைசியாக முந்தின நாள் வந்தது இது:

"நீ மலைக்காரின்னு தெரியும். எந்த ஊரா இருந்தாலும் உங்க அண்ணனைத் தேடிப் பிடிப்பேன். மூணு பயலுகளோட கோயமுத்தூர் சுத்தப் போறான்னு சொல்லுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள டீம்ல இருந்து பேரை எடு."

மிஸ் இதைப் படித்துவிட்டு, உனக்கு அண்ணன் இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியாது, குருட்டாம்போக்கில் எறிந்திருக்கிறான், ஆனால் கல் சரியாக விழுந்துவிட்டது என்றாள் ஸ்வேதா. அண்ணன் காதுக்குப் போனால் மறுநாளே அறையைக் காலி செய்யவைத்து ஊருக்குக் கூட்டிப்போய்விடுவான். தை பிறந்தால் மன்னவனூர் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். வேலையும் போச்சு, தீவும் போச்சு.

"எங்கண்ணன் கெட்டவன் இல்ல மிஸ். எங்க வீட்டுப் புள்ள ஊர் வாயில விழுந்துரக் கூடாதும்பான், அவ்வளவுதான்" என்றாள்.

அணியிலிருந்து விலகுகிறேன் என்ற கடிதத்தை எழுதியே வைத்திருந்தாள். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பவிடாமல் தடுத்தது 'மலைத்தேன்' என்று ஒருத்தர். எட்டு மாதமாகப் பழக்கம். பதுங்கச் சொல்லிக்கொடுத்தது, அடிபட்டுக் கிடந்தால் ஓடி வந்து தூக்கிவிட்டது, கருநாகம் திட்டும்போதெல்லாம் குறுக்கே வந்து நின்றது எல்லாம் அந்த ஆள்தான். அவர் மைக்கும் ரிப்பேராம். இவள் 'தேன் அண்ணே' என்று எழுதுவாள். அவர் பதிலுக்கு 'சாப்பிட்டாச்சா?' என்று எழுதுவார்.

போன வாரம் திங்களும் செவ்வாயும் ரொம்ப மனசு விட்டுப்போய், ஊருக்கே போய்விடலாமா என்று அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். காற்றில் பூண்டி டவர் படுத்துவிட்டதால் இரண்டு நாளும் பேச முடியவில்லை. இதைச் சொல்லும்போது கண் கலங்கினாள். யாரென்றே தெரியாத ஒருவன் மெனக்கெட்டு உட்கார்ந்து ஒரு பெண்ணை இப்படி நோகடிப்பான் என்றால், அவனுக்கு வேறு சோலியே இருக்காதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஸ்வேதா போன பிறகு என் தீர்ப்பைச் சொன்னேன். மலைத்தேன்தான் திருடன். முகம் தெரியாத பெண்ணிடம் தினம் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆம்பளை யோக்கியனாக இருக்க முடியாது. ஒரு பெயரில் அடிக்கிறான், இன்னொரு பெயரில் தடவிக்கொடுக்கிறான்.

ஸ்வேதா தன் போனிலிருந்து அனுப்பிவிட்டுப் போன எட்டு மாத மெசேஜையும் மிஸ் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனார். இருபத்திரண்டு வருடத்தில் விடுதிப் பிள்ளைகளை ஏமாற்ற வந்த எந்தப் பயலும் இரண்டாவது வாரம் தாண்டி போட்டோ கேட்காமல் இருந்ததில்லையாம். இந்த ஆள் எட்டு மாதத்தில் பேர்கூடக் கேட்கவில்லை என்றார். நான் விடவில்லை. சரி, அப்படியானால் கருநாகம் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறப்பதே இல்லை, தேதியைப் பாருங்கள் என்று காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வென்றால் மாதா கோயிலுக்குப் போகிறவன். செலக்‌ஷனில் தோற்று, ஸ்வேதாவைப் பற்றி அசிங்கமாக இரண்டு வார்த்தை எழுதிய எல்வின் என்று ஒருவனை அவளே சொன்னாள். அவன் பூசையில் கீபோர்டு வாசிக்கிறவன். கணக்கு நேர்.

எல்வின் ஒரு காபி ஷாப்பில் கேக் செய்கிறவன். மாவுக் கையோடு வந்து, நான் கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மிஸ்ஸைப் பார்த்துப் பேசினான்.

"நான் திட்டுனா என் பேர்லயே திட்டுவேன் மிஸ். மலைக்கூட்டத்துல என் பேரு எல்வின்தான், போட்டோகூட வச்சிருக்கேன். அந்தப் புள்ள என்னைய விட நல்லா சுடுச்சு, வயித்தெரிச்சல்ல ரெண்டு வார்த்த எழுதிட்டேன். மறுநாளே ஸாரி கேட்டேன்."

கேட்டிருந்தான். ஸ்வேதா அனுப்பியதிலும் அது இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பொழுது சாயும்வரை விளையாடுவானாம்; அதற்கும் அவன் போனில் சாட்சி இருந்தது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். கருநாகமும் செலக்‌ஷனுக்கு வந்து தோற்றவன்தான். தீவில் கருநாகம் எங்கே தலை நீட்டினாலும் மலைத்தேன் தேடிப் போய்ச் சுட்டுவிடுவாராம். அவர்கள் சண்டையைப் பார்ப்பதற்கென்றே சிலர் வருகிறார்களாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தீவு அமைதியாக இருக்குமாம்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் மிஸ் சுவரில் இருந்த, சர்ச்சில் கொடுத்த பங்குக் காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார். சிவப்புப் பென்சிலால் கருநாகம் எழுதிய நாட்களை அடித்தார். நீலத்தால் மலைத்தேன் எழுதிய நாட்களை அடித்தார். இரண்டு நிறமும் விழாத நாட்கள் தனியாக நின்றன. எல்லா ஞாயிறும், எல்லா வியாழனும். போதாததற்குப் போன வாரத்துத் திங்களும் செவ்வாயும்.

நான் மேசையைத் தட்டினேன். இரண்டு பேரும் ஒரே நாளில் வருகிறார்கள், ஒரே நாளில் காணாமல் போகிறார்கள், அப்படியானால் இரண்டும் ஒரே ஆள்தான், நான் முதலிலேயே சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஏலே டெனிஸ், அப்ப அந்த ஆள் ரெண்டு கையில ரெண்டு போன வச்சுக்கிட்டு, தன்னைத்தானே தேடிப் போய்ச் சுட்டுக்குறானா?" என்றார் மிஸ்.

நெஞ்சைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஓய்வு கிடையாது என்பதை மிஸ் நினைவூட்டினார். டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கிற நாள் அது. சரி, வியாழக்கிழமை என்ன? எனக்குத் தெரியவில்லை. சாக்லேட் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வேன். மிஸ்ஸுக்கு விடுதிச் சமையலறையை நடத்திய அனுபவம் இருந்தது. பூண்டு கொண்டுவருகிற ஆள் வாரத்தில் எந்த நாளும் வருவாராம், வியாழனும் ஞாயிறும் தவிர. அந்த இரண்டு நாளும் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. மேல்மலைப் பூண்டு முக்கால்வாசி அங்கேதான் இறங்கும். முந்தின ராத்திரியே லாரி ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு சிக்னல் போகும், பகல் முழுக்க மண்டியில் போனைப் பார்க்க நேரம் இருக்காது.

மேல்மலையில் எல்லா ஊரிலும் பூண்டுதானே, எந்த ஊரென்று தேடுவது என்று கேட்டேன். மிஸ் திங்கள், செவ்வாய்க் கட்டங்களில் விரலை வைத்தார். பூண்டி டவர் படுத்திருந்த இரண்டு நாள். ஸ்வேதாவின் ஊர்க்காரன்தான் எவனோ என்று நான் சொன்னேன். மிஸ் காலண்டரை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். அவர் முகம் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை.

மறுநாள் புதன்கிழமை வெள்ளனே கிளம்பியும், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஒவ்வொரு ஊராக நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பூண்டி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. நல்ல வேளை, அது லாரி ஏற்றுகிற நாள். வியாழன் சந்தைக்கு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நாச்சிமுத்து வண்டி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பூண்டு வாங்க வந்த பார்ட்டி என்று மிஸ் சொல்ல, அவர் தாராளமாகப் பேசினார்.

லாரியோடு யார் யார் போவார்கள் என்பது மிஸ்ஸின் கேள்வி. சரக்கு ஊருக்கே பொது, ஆள் மட்டும் முறை வைத்துப் போவார்கள் என்றார் நாச்சிமுத்து. இந்தச் சந்தைக்கு ஒரு வீடு, அடுத்த சந்தைக்கு இன்னொரு வீடு. ஒருத்தருக்கு மாதத்தில் ஒரு தடவை வந்தால் அதிகம். அப்படியானால் ஒரு சந்தை விடாமல் போகிறவர்கள் யாருமே இல்லையா?

"ரெண்டு பேரு இருக்காங்க. முருகேஸ்வரியம்மாவும் அது மகன் சக்திவேலும். அந்தம்மா தரம் பிரிச்சுக் கட்டுன மூட்டைய மண்டிக்காரன் பிரிச்சே பாக்க மாட்டான். அதனால ஊர்ச்சரக்கு எல்லாத்துக்கும் அதுதான் வரணும். ஒத்தப் பொம்பளைய அனுப்ப முடியாதுன்னு மகனும் ஒவ்வொரு தடவையும் ஏறிருவான். பொறுப்பான பய."

வழக்கில் இதுவரை நான் பொறுமையாக இருந்தேன். இந்த இடத்தில் மிஸ்ஸைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பெயர் சக்திவேல், அம்மா பெயர் முருகேஸ்வரி என்று ஸ்வேதா எங்களிடம் சொல்லி முழுசாக ஒரு நாள்தான் ஆகிறது. 'உன் அண்ணனைத் தேடிப் பிடிப்பேன்' என்று எழுதிய கையே அந்த அண்ணனின் கை. தேடிப் பிடிக்க அவன் கண்ணாடி முன்னால் போய் நின்றிருந்தால் போதும்.

தெரிந்தேதான் தங்கையைத் திட்டியிருக்கிறானா என்று கேட்டேன். இல்லை, தெரிந்திருந்தால் இரண்டு மாதம் காத்திருக்க மாட்டான், முதல் நாளே நாயுடுபுரத்துக்கு வந்திருப்பான் என்றார் மிஸ். யாரோ ஒரு பெண் என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறான்.

மிஸ் காருக்குள் உட்கார்ந்து ஸ்வேதாவுக்குப் போன் போட்டார். ஆள் யார் என்று சொல்லவில்லை. அவன் கையில் இருக்கிற ஒரே கத்தி 'அண்ணனிடம் சொல்வேன்' என்பதுதான், அதை நீயே பிடுங்கிக்கொள்கிறாயா என்று மட்டும் கேட்டார். சரியாக மூன்று மணிக்குக் கருநாகத்துக்கு உன் நிஜப் பெயரில் எழுது, அண்ணன் பெயரையும் ஊரையும் நீயே கொடு, பிறகு வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இது அநியாயம், அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் கையால் ஜாடை காட்டினேன்.

"எழுதுறேன் மிஸ்" என்றாள் ஸ்வேதா. "எப்பிடியும் ஒரு நாள் அவனுக்குத் தெரியத்தான் போகுது. எவனோ சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன்."

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பு சக்திவேல் வீட்டில் எங்களுக்குக் காபி வந்தது. பையனுக்கு இருபத்தேழு வயது இருக்கும். நெற்றியில் விபூதி, பணிவான பேச்சு, மிஸ்ஸுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தாழ்வாரத்தில் அம்மா முருகேஸ்வரி கால் நீட்டி உட்கார்ந்து, பூண்டைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று கண்ணால் பார்க்காமலே தள்ளிக்கொண்டிருந்தார். வீடு பூராவும் புகை வாசமும் பூண்டு வாசமும்.

பிள்ளைகள் எத்தனை என்று மிஸ் பேச்சுக்குக் கேட்டார். சக்திவேலே பதில் சொன்னான். ஒரே தங்கச்சி, டவுனில் வேலை.

"டவுன்ல விட்டதே எனக்குப் பயந்தான் மேடம். போன்ல பேசுறவன் எழுதுறவன் எல்லாம் எப்பிடிப்பட்ட ஆளுன்னு நமக்குத் தெரியும்ல. பொம்பளப் புள்ளைகளை நம்மதான் பாத்துக்கிறணும்" என்றான்.

நல்ல கருத்து என்றேன் நான். மிஸ் என்னை முறைத்தார்.

அவன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. மீன் மாட்டிக்கொண்ட சிரிப்பு. அடுத்த வரிக்கு அது நின்றுவிட்டது. எழுந்தான். உட்கார்ந்தான். போனைக் கவிழ்த்து வைத்தான், மறுபடி எடுத்துப் படித்தான். நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்தது. மனுஷனுக்கு ஒரே நொடியில் அவ்வளவு வயசாகி நான் பார்த்ததில்லை.

என்னடா என்று அம்மா கேட்டார். மிஸ்தான் சொன்னார். நாங்கள் பூண்டு வாங்க வரவில்லை, போன் விளையாட்டில் ஒரு பெண்ணுக்கு உங்கள் மகன் இரண்டு மாதமாகச் சிலதை எழுதியிருக்கிறான், அது விஷயமாக வந்தோம் என்றார். என்ன எழுதினான் என்று கேட்டார் முருகேஸ்வரி. அவனே வாசிக்கட்டும் என்றார் மிஸ்.

"வாசி" என்றார் அம்மா.

தப்பிக்க வழி பார்த்தான். வாசலில் நான் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான இடத்தில். கடைசியில் மேலே தள்ளி, ஆபத்தில்லாத ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து, "ஏய் மதிகெட்டான், உன்னையெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

பூண்டு தள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"கருநாகம் நீயாடா?" என்றார் முருகேஸ்வரி.

அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சந்தை விடாமல் போகிறவர்கள் இரண்டு பேர் என்று நாச்சிமுத்து சொன்னபோதே அவருக்கு இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். எனக்கு ஒருவன்தான் கிடைத்திருந்தான்.

முருகேஸ்வரி இடுப்பிலிருந்து கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். அதில் தீவு தெரிந்தது, மூலையில் ஆட்டக்காரர் பெயரும்.

"மலைத்தேன்... நீயாம்மா?" சக்திவேல் குனிந்து அந்தப் போனைப் பார்த்தான். "என்னைய முப்பத்தாறு தடவ சுட்டது நீயா?"

"முப்பத்தெட்டு" என்றார் அம்மா.

அந்தப் போனை அவருக்குக் கொடுத்தவனே அவன்தானாம். புதுசு வாங்கியபோது பழசைத் தள்ளிவிட்டிருக்கிறான்; விளையாட்டும் குழுவும் உள்ளேயே கிடந்தன. பொம்பளைக்கு எதுக்கு கேமு என்பான் என்று, பெயரை மட்டும் புதுசாகப் போட்டுக்கொண்டு, பூண்டு ஷெட்டில் மறைவாக உட்கார்ந்து விளையாடியிருக்கிறார். ஒரு நாள் மதிகெட்டான் என்று ஒரு பிள்ளை, அழுகை வருகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று எழுதியதாம். யார் பெற்ற பிள்ளையோ, கண்டும் காணாமல் எப்படிப் போவது என்று மிஸ்ஸிடம் கேட்டார். தப்புச் செய்து பிடிபட்ட மாதிரி கேட்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இந்த அம்மாவைத்தான் நான் நேற்று யோக்கியன் இல்லாத ஆம்பளை என்று தீர்ப்பெழுதினேன்.

பிறகு மகனிடம் திரும்பினார்.

"நிறுத்தாத. வாசி. யாரோ பெத்த புள்ளைக்கு எழுதத் தெரிஞ்சுச்சுல்ல, பெத்தவகிட்ட வாசிக்கத் தெரியாதா?"

வாசித்தான். முதல் மெசேஜை வாசித்தான். இரண்டாவதில் பாதி வார்த்தைகளை முழுங்கினான். முழுங்கினதையும் வாசி என்றார் அம்மா. மூன்றாவதில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டுத்தானேம்மா, அங்க எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாங்க, நிஜமா ஒண்ணும் இல்ல என்று தேம்பினான். அந்தப் பிள்ளை நிஜமாகத்தானே அழுதது என்றார் அவர். அந்தப் பெண்ணின் அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாய், எந்த ஊரென்று கண்டுபிடி, இன்றைக்கே போகலாம் என்றார்.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மூன்று மணிக்கு வந்த மெசேஜைத் திறந்து, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். முருகேஸ்வரி போனைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தார்.

"தேடி அலைய வேண்டாம். எங்கண்ணன் பேரு சக்திவேல். ஊரு பூண்டி. போய்ச் சொல்லிக்கோ. சனிக்கிழமை நான் கோயமுத்தூர் போறேன். ஸ்வேதா."

கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்தார். வெளியே லாரியில் மூட்டை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பக்கத்தில் கிடந்த பொடிப் பூண்டை ஒரு கை அள்ளி மகன் முதுகில் வீசினார். இன்னொரு கை அள்ளினார். அதை வீசாமல் கீழேயே போட்டுவிட்டார்.

"அவ எத்தன ராத்திரி அழுதான்னு எனக்குத் தெரியும்டா. உக்காந்து எண்ணியிருக்கேன்" என்றார்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதை அவளிடம் போய்ச் செய் என்றார்.

"ஞாயித்துக்கிழமைச் சந்தைக்கு நீ தனியா லாரி ஏறு. சனிக்கிழமை எனக்குக் கோயமுத்தூர்ல சோலி கெடக்கு."

அப்போது அவருடைய விரிசல் போன் கத்தியது. மிஸ் அதை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. காபி டம்ளரைக் கீழே வைத்தார். கருநாகத்துக்கு எழுதிவிட்டு ஸ்வேதா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அதன் பிறகு, எட்டு மாதமாக யாரிடம் ஓடுவாளோ அங்கேயே ஓடி வந்திருந்தாள்.

"தேன் அண்ணே, எல்லாத்தையும் நானே எழுதி அனுப்பிட்டேன். பயமா இருக்கு. இனி எங்கண்ணன் வந்து நிப்பான். அவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

முருகேஸ்வரி இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டார். சக்திவேல் திரும்பிப் பார்த்தான். நான் எட்டிப் பார்த்தேன். அநாகரிகம்தான், சம்பளமே அதற்குத்தான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் எழுதி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று.

"தெரியும். அவனையும் பெத்தது நான்தான். நீ வெரசாச் சாப்பிடு, சனிக்கிழமை சுடணும்ல."